கல்யாண சீன் கேதகி

வங்காளப் படம் எடுக்கும் டாலிகஞ்ச் ஸ்டுடியோக்களில் கல்யாண சீன் என்றால் முதலில் கேதகி சாமந்தாவுக்கு ஆள் போகும், பிறகுதான் புரோகிதருக்கு. புரோகிதர் வராவிட்டால் லைட் போடுகிற ஒருவருக்குப் பூணூல் மாட்டி உட்கார வைத்துவிடலாம். கேதகி வராவிட்டால் குலவை யார் போடுவது?

குலவை எல்லாப் பெண்களும் போடுவார்கள்தான். ஆனால் கேதகி கண்ணை மூடி, மூச்சை இழுத்து, நாக்கை ஒரு சுழற்று சுழற்றினாள் என்றால் கேண்டீன் வாசலில் படுத்திருக்கும் நாய்கள் எழுந்து நிற்கும். இருபத்தாறு வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு. எந்தக் குடும்பப் படத்தை வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள். மணப்பெண்ணுக்குப் பின்னால், சிவப்புக் கரைப் புடவையில், குண்டாக ஒரு மாஷி நிற்பாள். மாஷி என்றால் அம்மாவின் அக்கா தங்கை. பெண்ணுக்கு மஞ்சள் பூசுவாள், அவளை மணையோடு தூக்கி மாப்பிள்ளையைச் சுற்றும்போது கூடவே ஓடுவாள், மருமகள் படியேறும்போது வாசலில் சங்கு ஊதுவாள். நூற்றுக்கு மேற்பட்ட கல்யாணங்களை இப்படி நடத்தி வைத்திருக்கிறாள். ஆனால் ஒன்றிலாவது ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் உடுப்பு அறையில் வேலை பார்ப்பவள். இந்த ஊர் லேக் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. முப்பது வருஷமாக இந்த ஊர் நடிகைகளுக்குப் புடவை கட்டிவிடுகிறேன். காலையில் கேதகிக்குச் சங்கு வளையல் மாட்டி, வகிட்டில் குங்குமம் இழுத்துச் சுமங்கலி ஆக்குவது நான். சாயங்காலம் தேங்காய் எண்ணெய் தொட்டு அதைத் துடைத்து, கன்னிப் பெண்ணாக வீட்டுக்கு அனுப்பி வைப்பதும் நான்தான்.

“மெதுவா துடைடி ஜெயா. தினமும் என் தாலியறுக்கிறதுல உனக்கு என்ன இவ்வளவு அவசரம்?” என்பாள்.

“இன்னிக்கு யாரு கேதகி-தி உன் புருஷன்?” என்பேன். அக்காவுக்கு இங்கே ‘தி’.

“யாரு கண்டா? என் புருஷனுங்க ஒருத்தனும் சீன்ல வரமாட்டேங்கிறான்.”

நிஜத்திலும் அப்படித்தான் ஆயிற்று. அவளுடைய இருபதாவது வயதில் அப்பா போனார். அண்ணன் ரணதீருக்குத் தபால் ஆபீசில் வேலை கிடைத்த பிறகு, பெண் பார்க்க ஒன்பது பேர் வந்தார்கள். ஒருத்தனுக்கு நிறம் பத்தவில்லை. ஒருத்தன் அம்மாவுக்குப் பெண் நடக்கிற நடை பிடிக்கவில்லை. ஒன்பதாவதாக வந்தவர்கள், “சந்தேஷ் இனிப்பு ரொம்ப நல்லா இருந்துச்சு, பொண்ணைப் பத்தி அப்புறம் சொல்லி அனுப்பறோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. அதற்குப் பிறகு அம்மா படுத்துக்கொண்டாள், அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று, குத்காட்டில் அதே வீட்டில் அண்ணன், அண்ணி மஞ்சுஷா, கேதகி என்று காலம் ஓடிவிட்டது.

சடங்கு விஷயத்தில் அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. மாப்பிள்ளையின் நெட்டி மகுடம் இரண்டு விரல் சாய்ந்திருந்தால் ஷாட்டை நிறுத்திவிடுவாள். சீர்வரிசைத் தட்டில் ரோகு மீனுக்குப் புடவை கட்டி மூக்குத்தி போட்டு வைப்பார்கள் இல்லையா, ஒரு படத்தில் மீனுக்குத் தலைப்பு வலப்பக்கம் போய்விட்டது. “எந்த ஊர் மீன் இது?” என்று கேட்டு, தானே உட்கார்ந்து அவிழ்த்துக் கட்டினாள். தெருவில் நிஜக் கல்யாணம் வந்தாலும் இவளிடம்தான் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் கல்யாணத்தன்று, “கல்யாணமாகாதவ, கொஞ்சம் தள்ளியே நில்லும்மா” என்று சொல்லிவிடுவார்கள். சுவரோரம் நின்று கண்ணாலேயே தப்புகளைத் திருத்திக்கொண்டிருப்பாள். வருத்தமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். “பசிக்குது, பந்தி எப்ப?” என்றாள்.

இவளோடு மோதிக்கொள்வதற்கென்றே ஸ்டுடியோவில் ஒருவர் இருந்தார். ஒலிப்பதிவாளர் திமிர்காந்தி ஹல்தார். எல்லோருக்கும் திமிர்-தா; தாதா என்றால் இங்கே அண்ணன், அதன் சுருக்கம் தா. வங்க மொழியில் திமிர் என்றால் இருட்டு. தமிழில் என்னவென்று உங்களுக்குத் தெரியும். மனிதருக்கு இரண்டும் பொருந்தும். கறுத்த, ஒல்லியான ஆள். காதில் எப்போதும் ஹெட்ஃபோன். ஸ்டுடியோ மரத்தில் காக்கை கரைந்தால்கூடப் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு, அந்தக் காக்கை தன்னை வேண்டுமென்றே அவமானப்படுத்திவிட்டதுபோல் மேலே பார்ப்பார்.

“கேதகி தேவி, உங்க குலவையில என் மீட்டர் ஊசி ஒடிஞ்சிடும். கொஞ்சம் அடக்கி வாசிங்க.”

“ஊசி ஒடிஞ்சா தையல்காரன்கிட்ட போங்க ஹல்தார் பாபு. நான் கல்யாணத்துக்குத்தான் குலவை போடறேன், உங்க மிஷினுக்கு இல்ல.”

இது இருபது வருஷப் பேச்சு. மீட்டரில் ஊசி போய்ப் பச்சைக் கோடு வந்த பிறகும் அவர் ஊசியை விடவில்லை, அவளும் தையல்காரனை விடவில்லை. அவருக்கு வயிறு சரியில்லை. தினமும் பப்பாளிக்காயை வேகவைத்து டிபனில் கொண்டுவருவார். கேதகி தன் டப்பாவிலிருந்து வாழைப்பூப் பொரியலை எடுத்து அவர் தட்டில் வைப்பாள். “எவ்வளவு காரம்! மனுஷன் சாப்பிடுவானா இதை?” என்று திட்டிக்கொண்டே கடைசித் துணுக்கு வரை துடைத்துவிடுவார். அவர் மனைவி இறந்து பதினோரு வருஷம். மகன் பெங்களூரில். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்த எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நான் தமிழச்சி, எனக்கெதற்கு என்று சும்மா இருந்தேன்.

‘பதினோராம் நம்பர் வீட்டு மருமகள்’ என்று ஒரு படம் எடுத்தோம். பெரிய கூட்டுக் குடும்பம், மூன்று சகோதரர்கள், வீட்டுப் பெண்ணுக்கும் பாட்டு வாத்தியாருக்கும் காதல், அப்பா வேறு இடத்தில் சம்பந்தம் பேசிவிடுகிறார். வங்காளத்தில் இரண்டாயிரம் தடவை எடுத்த கதை, இன்னும் இரண்டாயிரம் தடவை எடுப்பார்கள், நானும் போய் அழுவேன். கல்யாணப் பந்தலில், படம் முழுக்க வாய் திறக்காத ஒரு மாஷி முன்னே வந்து, “நிறுத்துங்க! பொண்ணை யாராவது கேட்டீங்களா?” என்று சொல்ல வேண்டும். அதற்கு வைத்திருந்த மூத்த நடிகை அன்று காலை குளியலறையில் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள்.

டைரக்டர் அபிரூப் சின்னப் பையன், தலைமுடியைக் கொண்டை போட்டிருப்பான். பந்தலைச் சுற்றிப் பார்த்தான். “அந்த மூணாவது மாஷி சொல்லட்டும். எல்லா ஷாட்லயும் அவங்கதான் பொண்ணு பக்கத்துல இருக்காங்க” என்றான்.

கேதகிக்கு முகம் வெளுத்துவிட்டது. முதல் டேக்கில் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாவதில் “நிறுத்துங்க!” என்று கச்சிதமாகச் சொன்னாள். சொன்ன கையோடு, இருபத்தாறு வருஷப் பழக்கம், கண்ணை மூடிக் குலவை போட்டுவிட்டாள். மாப்பிள்ளை வேஷக்காரன் மணையிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தான். ஆறாவதில் “பொண்ணு யாரையாவது கேட்டீங்களா?” என்றாள். பதினோராவது டேக்கில் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “வேற யாரையாவது வெச்சுக்கோ தம்பி, எனக்குப் பேச வராது” என்று திரும்பினாள்.

அப்போது திமிர்-தா ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“கேதகி தேவி, வாழைப்பூவுல நேத்து உப்பே இல்ல.”

“என்னது?”

“உப்பே இல்லன்னேன். சமையல் மறந்துபோச்சா?”

“ஹல்தார் பாபு! தட்டை வழிச்சு நக்கினப்ப இந்த நாக்கு எங்க போயிருந்துச்சு?” செட்டின் கூரை வரை கேட்டது.

“இதான். இதே சுருதிதான் வேணும். கேமராவைப் பார்க்காதீங்க, அந்த டைரக்டர் பையனைப் பார்க்காதீங்க. என்னைப் பாருங்க. இந்த அநியாயக் கல்யாணத்தை நான்தான் நடத்தி வைக்கிறேன்னு வெச்சுக்கோங்க.”

அவர் மறுபடி உட்கார்ந்தார். அபிரூப் கையசைத்தான். கேதகி அவரையே பார்த்துக்கொண்டு இரண்டடி முன்னே வந்து சொன்னாள். எனக்குப் புல்லரித்தது. மணப்பெண்ணாக நடித்த பெண் நிஜமாகவே அழுதுவிட்டாள். அபிரூப் ‘கட்’ என்றான். “சவுண்ட் ஓகே” என்றார் திமிர்-தா. இருபது வருஷத்தில் கேதகியின் சத்தத்தை அவர் ஒரு குறையும் சொல்லாமல் ஒப்புக்கொண்டது அன்றுதான்.

அதற்கடுத்த வாரம், சாயங்காலம், நான் அவள் வகிட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உடுப்பு அறை வாசலில் ஒரு செருமல் கேட்டது.

“ஜெயா, நீ கொஞ்சம் வெளிய இருக்கியாம்மா?” என்றார் திமிர்-தா.

“அவ எதுக்கு வெளிய போகணும்? பாதிக் குங்குமம் என் தலையில இருக்கு, பாதி அவ கையில இருக்கு. விஷயத்தைச் சொல்லுங்க.”

அவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டு பேசினார். “எங்க வீட்டுல சத்தமே இல்ல.”

“உங்களுக்கு அதுதானே பிடிக்கும்?”

“பிடிக்கும்னுதான் நெனச்சேன். பதினோரு வருஷமா ஃபிரிட்ஜ் ஓடுற சத்தத்தைக் கேட்டுட்டிருக்கேன்.”

“ஃபிரிட்ஜை ரிப்பேருக்குக் குடுங்க.”

“ஃபிரிட்ஜ் நல்லாத்தான் இருக்கு. நான்தான் நல்லா இல்ல.” கழுத்திலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினார். “நீங்க வந்து சத்தம் போட்டா நல்லா இருக்கும். அதாவது, சட்டப்படி. பதிவு பண்ணி. பிடிக்கலன்னா சொல்லிடுங்க, வாழைப்பூவை மட்டும் நிறுத்திடாதீங்க.”

இப்படியும் ஒருவர் பெண் கேட்பாரா? எனக்குச் சிரிப்பு முட்டியது. கேதகி சிரிக்கவில்லை. “யோசிச்சு சொல்றேன்” என்றாள். அவர் போனபின் நான் துணியை எண்ணெயில் தொட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“துடைக்காத. கொஞ்சம் இருக்கட்டும்.” கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சரி, துடை. பஸ்ல தெரிஞ்சவங்க யாராவது வருவாங்க” என்றாள்.

பத்தொன்பது நாள் யோசித்தாள். இடையில் அவரோடு ஒரு சண்டைகூடப் போடவில்லை. பாவம், மனிதர் அந்தப் பத்தொன்பது நாளில் இளைத்துவிட்டார். இருபதாவது நாள் அவருடைய மிஷினுக்கு முன்னால் போய் நின்றாள். “ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுக்கு வாங்க. தாதாகிட்ட பேசணும். இனிப்பு வாங்கிட்டு வாங்க. தாதாவுக்குச் சர்க்கரை இருக்கு, தொடமாட்டார். ஆனா வாங்காம வந்தீங்கன்னா ஜென்மத்துக்கும் சொல்லிக் காமிப்பார்.”

துணைக்கு என்னையும் வரச் சொன்னாள். புது ஜிப்பாவின் மடிப்புக் கோடு மார்பில் தெரிய, பிரம்பு நாற்காலியின் நுனியில் திமிர்-தா உட்கார்ந்திருந்தார். அண்ணன் ரணதீர் அப்போதுதான் சந்தையிலிருந்து வந்தார். அறுபது வயது, தொந்தி, நல்ல மனிதர்தான். ஆனால் தினமும் சாயங்காலம் டிவியில் குடும்பப் படம் பார்க்கிறவர். விஷயத்தைக் கேட்டதும் நடு அறையில் வந்து நின்றார்.

“அம்பத்தோரு வயசுல கல்யாணமா? தெரு சிரிக்கும்! சாமந்தா குடும்பத்துல இதுவரைக்கும் இப்படி நடந்ததில்ல. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இந்த வாசப்படியைத் தாண்டி நீ…”

கேதகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தாதா, இந்த வசனத்தை ஆறு அப்பாங்க பேசி நான் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன். அவங்க கையில வெள்ளிப் பூண் போட்ட தடி இருக்கும். உன் கையில மீன் பை ஒழுகுது. முதல்ல அதைக் கீழ வை.”

ரணதீர் பையைப் பார்த்தார். சொட்டிக்கொண்டுதான் இருந்தது. கீழே வைத்தார். வைத்ததும் பாதிக் கோபம் அதோடு இறங்கிவிட்டது.

“நான் உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்” என்றார்.

“தெரியும் தாதா. எனக்கு இருபத்தஞ்சு வயசுல ஒம்பது பேர் வந்தாங்க. நீயும் அம்மாவும் ஒவ்வொருத்தன்கிட்டயும் கேட்டீங்க, பொண்ணு பிடிச்சிருக்கான்னு. எவனைப் பிடிச்சிருக்குன்னு என்னை நீங்க கேக்கவே இல்ல. இவர் கேட்டார். ஃபிரிட்ஜைப் பத்தி என்னென்னமோ உளறினார், ஆனா கேட்டார். எனக்குப் பிடிச்சிருக்கு.”

இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவே இல்லை. திமிர்-தா தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். அப்போது சமையலறையிலிருந்து அண்ணி மஞ்சுஷா கரண்டியும் கையுமாக வந்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று பார்த்தேன்.

“கூட்டிட்டுப் போங்க ஹல்தார் பாபு. நல்ல நாள் பார்த்துச் சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க.”

“பௌதி!” என்றாள் கேதகி. அண்ணியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“என்ன பௌதி? இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்டுக்கு மருமக நான். கடுகு அரைக்கப் போனா, ‘நீங்க தள்ளுங்க பௌதி, உங்களுக்குப் பதம் தெரியாது.’ நான் கழுவின பாத்திரத்தை மறுபடியும் ஒருத்தி கழுவுறா. என் சமையல்கட்டு எனக்கு எப்ப வரும்னு காத்திட்டிருக்கேன்டி!” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், கேதகியின் பக்கத்தில் வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். “நீ போயிட்டா நான் யார்கூடச் சண்டை போடுவேன்?”

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ரணதீர் மெல்லத் திரும்பினார். “அப்ப… மீன் யாரு சமைப்பா?”

“நான்தான்” என்றாள் மஞ்சுஷா.

அன்று காலை முழுவதும் பார்த்ததில் அந்த மனிதர் முகத்தில் நிஜமான துக்கத்தை அப்போதுதான் கண்டேன். இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டார். சர்க்கரையை மறந்து இரண்டு சந்தேஷும் சாப்பிட்டார்.

கார்த்திகை மாதத்தில் நாள் குறித்தோம். ஸ்டுடியோவின் எட்டாம் நம்பர் ஃப்ளோரில் வேறொரு படத்துக்குப் போட்ட கல்யாண செட் அப்படியே நின்றது. அலங்காரம் செய்து தருகிறோம், அங்கேயே நடத்திக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். கேதகி ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். “அந்தப் பந்தல்ல கட் சொன்னதும் கழட்டி வெச்சுட்டுப் போயிடுவாங்க. எனக்கு வேண்டாம். எங்க வீட்டுக் கூடம் போதும்.”

குத்காட் வீட்டுக் கூடத்தில் பதிவாளர் மேஜை போட்டு உட்கார்ந்தார். பெங்களூரிலிருந்து வந்த மகனும் மருமகளும் ஆளுக்கொரு போனில் படம் எடுத்தார்கள். கையெழுத்துப் போடும் நேரம், குலவை போட வேண்டும். அங்கேதான் இடித்தது. மணப்பெண் தானே குலவை போட்டுக்கொள்ளக் கூடாது. மற்றவர்களுக்கோ, கேதகியின் எதிரில் போடக் கூச்சம். மஞ்சுஷாவும் தெருப் பெண்களும் நாலு நடிகைகளும் சேர்ந்து ஏதோ போட்டார்கள். நனைந்த விறகில் ஊதியதுபோல் வந்தது. கேதகி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“பௌதி, தொண்டையில இல்ல, வயித்துலேர்ந்து எடுங்க. நாக்கு ரெண்டு பக்கமும் படணும். எங்க, மறுபடியும்!”

பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். திமிர்-தா அவள் காதோரம் குனிந்தார். “விடுங்க. அப்புறமா டப்பிங் பண்ணிக்கலாம்.”

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே கையெழுத்தும் ஆகிவிட்டது. அவர் குங்குமம் வைக்கும்போது பாதி அவள் மூக்கில் கொட்டியது. மூக்கில் விழுந்தால் புருஷன் ரொம்பப் பிரியமாக இருப்பான் என்று இங்கே சொல்வார்கள். நான் பழக்க தோஷத்தில் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். “கையை எடுடி” என்றாள்.

படம் சித்திரையில் வந்தது. தெருவே சேர்ந்து போனோம். அந்தக் காட்சியில் கேதகியின் குரல் தியேட்டரை உலுக்கியது, பின்வரிசையில் இரண்டு பேர் விசிலடித்தார்கள். ஆனால் திரையில் இருந்தது கதாநாயகியின் முகம். கேதகியின் தோளும் புடவைக் கரையும்தான் ஓரமாகத் தெரிந்தன. “மூஞ்சி எங்க? என் தங்கச்சி மூஞ்சி எங்கய்யா?” என்று ரணதீர் எழுந்து நின்று சத்தம் போட்டார். திமிர்-தா அவரைப் பிடித்து உட்கார வைத்தார். “மூஞ்சியை வீட்டுல பார்த்துக்கலாம் தாதா. சவுண்ட் எப்படி வந்திருக்கு, அதைச் சொல்லுங்க.”

கேதகி இன்னும் வேலைக்கு வருகிறாள். ஒரு சீரியலில் கொடுமைக்கார மாமியார் வேஷத்துக்குக் கேட்டார்கள், பக்கம் பக்கமாக வசனம். ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு, “அந்த மருமக பொண்ணைத் திட்ட எனக்கு மனசு வரல, அது என்னைப் பார்த்தாலே சிரிக்குது” என்று திரும்பி வந்துவிட்டாள். மஞ்சுஷாவின் சமையலில் ரணதீருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. அவர் சாப்பிடுவதே குறைந்துவிட்டது என்று கேதகி சொல்கிறாள்.

போன வாரம் மழை நாளில் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். கடுகு அரைத்து விட்ட இலிஷ் மீன். டிவி ஒரு பக்கம், மிக்ஸி ஒரு பக்கம், கேதகி ஒரு பக்கம். திமிர்-தா எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து என் தட்டிலிருந்த மீனை வாங்கி முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

“இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்திருக்கா, இலிஷ் முள்ளு எடுக்கத் தெரியல” என்றார்.

“எனக்கு எடுத்துக் குடுத்திருக்கீங்களா ஒரு நாளாவது?” என்று சமையலறையிலிருந்து கேட்டாள் கேதகி.

“உனக்கு எதுக்கு? நீ முள்ளையே பயமுறுத்தி வெளிய வர வெச்சுடுவ.”

கரண்டி ஒன்று ணங்கென்று கீழே விழுந்தது. நான் தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன்.